குளவி விழுங்கிய உறை

அந்தக் காலத்தில் கோழியும் குளவியும் மனிதரோடு வாய்க்கு வாய் பேசிக்கொண்டிருந்தன. அப்போது குளவியைப் போலச் சாதுவான பிராணி கிடையாது. சத்தமே போடாது. ஓர் இலை மேல் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அதே இலைதான்.

இத்தாலி நாட்டு மலைச்சரிவு ஒன்றில் ஒர்சோலா என்கிற அம்மாவுக்குக் கையகலத் திராட்சைத் தோட்டம் இருந்தது. விளைந்த பழத்தை அவர்கள் உடனே பிழிய மாட்டார்கள். மாடிப் பரணில் கொத்துக்கொத்தாகத் தொங்கவிட்டு, தோல் சுருங்கி, உள்ளே இருப்பது தேனைப் போல ஆகும்வரை காத்திருப்பார்கள். பிறகுதான் பிழிந்து சின்னப் பீப்பாயில் ஊற்றி மூடுவார்கள். அது பொங்கி, அடங்கி, வருஷக்கணக்கில் ஊறி இனிப்பு ரசமாகும். கல்யாணம், ஞானஸ்நானம் என்றால் விருந்து முடிந்ததும் ஆளுக்கு ஒரு மடக்கு. கோவில் பூசைக்கும் அதுதான் போகும்.

அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் செரபீனா. நல்ல பெண். கைதான் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. ஒர்சோலா மகளின் பிரசவத்துக்காக மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தாள். கணவன் விறகு வெட்டப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். தனியாக இருந்த செரபீனா பெருக்கின வீட்டையே பெருக்கினாள். துலக்கின செம்பையே துலக்கினாள். அப்புறமும் மனசு ஆறாமல் பரணுக்கு ஏறினாள். காலிப் பீப்பாயின் அடியில் சேறு மாதிரி ஏதோ படிந்திருந்தது.

“பாவம், அத்தையால் குனிந்து தேய்க்க முடியவில்லை போல” என்று இரக்கப்பட்டாள்.

அந்தச் சேற்றை வழித்து அத்திமரத்தடியில் கொட்டினாள். வெந்நீர் ஊற்றி, சாம்பல் போட்டு, மரம் பளிச்சென்று தெரியும்வரை பீப்பாயைத் தேய்த்தாள்.

ஒர்சோலா திரும்பி வந்ததும் மருமகள் ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

“அத்தை, மேலே வாங்களேன், ஒண்ணு காட்டறேன்!”

“பேத்தி பிறந்திருக்கா, அதைக் கேக்க மாட்டியா?”

“கேக்கறேன், கேக்கறேன். முதல்ல வாங்க.”

ஒர்சோலா பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“கழுவிட்டியாடி?”

“வெந்நீர்ல, அத்தை. மூலை முடுக்கெல்லாம் தேய்ச்சு.”

“அது அழுக்கில்லைடி பெண்ணே. அதுதான் உறை.”

தயிருக்கு ஒரு கரண்டி மோரை நாம் எடுத்து வைப்பதில்லையா, அதைப் போலத்தான் அந்த வண்டல். அது இல்லாவிட்டால் பிழிந்த சாறு பொங்காது. வெறுமனே கிடந்து கெட்டுப்போகும்.

“கல்யாணமாகி வந்தப்ப எங்கம்மா வீட்டிலிருந்து கழுதை மேல உக்காந்து, மடியில வெச்சுக் கொண்டுவந்தேன். நான் வாந்தி எடுத்தப்பகூட அதைக் கீழே வைக்கலை.”

“பக்கத்து வீட்டில கொஞ்சம் கேட்டுப் பார்க்கட்டுமா?” என்றாள் செரபீனா மெல்ல.

“அவங்க உறையில அவங்க வீட்டு ரசம்தான் வரும். நம்ம வீட்டு ரசம் இதோட சரி.”

ஒர்சோலா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் பீப்பாயைக் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கிப் போனாள். செரபீனாவுக்குச் சோறு இறங்கவில்லை. ‘மாதாவே, என் கையை நீங்களாவது கட்டிப்போட்டிருக்கக் கூடாதா’ என்று அழுதாள். விடிந்ததும் அத்திமரத்தடிக்கு ஓடி மண்ணைக் கிளறினாள். ஒன்றும் மிச்சமில்லை.

“என் வேலையை ஏன் நீ செய்யறே?” என்றது கோழி.

“இங்கே கொட்டினதை நீயா தின்னே?”

“அந்த நாற்றத்தையா? எனக்கென்ன தலையெழுத்து! குளவிதான் வயிறு முட்டக் குடிச்சுது. அன்னிக்கிலிருந்து அதுக்குப் பைத்தியம்.”

நிமிர்ந்து பார்த்தால், குளவி கிளைக்குக் கிளை பறந்துகொண்டிருந்தது. எங்கும் உட்காரவில்லை. அதன் உடம்பிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஓயாத சத்தம்.

“பொண்ணே, நீ கொட்டினது என் வயித்துல பொங்குது. தூங்க முடியலை. எடுத்துக்கோ!” என்று கத்தியது.

செரபீனாவுக்கு உயிர் வந்தது. “குளவியக்கா, பரண்ல பழம் தொங்குது. ஒவ்வொரு பழமா ஒரு கடி கடிச்சு, ஒரு துளி விட்டுடேன்.”

“அத்தனையுமா? என் பல்லு என்னத்துக்கு ஆகும்!”

முணுமுணுத்துக்கொண்டேதான் குளவி கடித்தது. பழத்தைப் பிழிந்து பீப்பாயில் ஊற்றினார்கள். முதல் நாள் ஒன்றுமில்லை. மறுநாளும் இல்லை. செரபீனா ஏணியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். பீப்பாயில் காதை வைப்பாள். ஜெபமாலையை எடுப்பாள், பாதியில் விட்டுவிட்டு மறுபடி ஏறுவாள்.

ஒரு காலையில் ஒர்சோலாதான் முதலில் மோப்பம் பிடித்தாள்.

“அடியே, எங்கம்மா வீட்டு வாசனை!”

பீப்பாய் நுரைத்துக்கொண்டிருந்தது. மாமியாரும் மருமகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அந்த நேரம் பார்த்துக் குளவி வந்து நின்றது. “கடைசியா ஒரு துளி இருக்கு. இதையும் வாங்கிக்கிட்டீங்கன்னா நான் போய்த் தூங்குவேன்.”

செரபீனா பீப்பாயின் வாயைத் திறக்கப் போனாள். திறக்காமல் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

“அக்கா, அதை மட்டும் நீயே வெச்சுக்கோ.”

“என்னது?”

“எனக்கு அப்புறம் இந்த வீட்டுக்கு ஒரு மருமகள் வருவா. அவளுக்கும் என் கை மாதிரியே இருந்தா?”

“நீங்க நிம்மதியாத் தூங்கறதுக்கு நான் காலம் பூரா முழிச்சிருக்கணுமா?”

குளவி பீப்பாயைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது.

“சரி, வெச்சுக்கறேன்” என்றது கடைசியில். “ஆனா பழத்துகிட்ட வந்தா விரட்டக் கூடாது. கோபம் வந்தா நான் கொட்டுவேன், அப்பவும் ஏன்னு கேக்கக் கூடாது.”

“கொட்டிக்கோ அக்கா” என்றாள் செரபீனா.

அன்று முதல்தான் குளவிக்கு ரீங்காரமும், கோபமும், கொட்டுகிற கொடுக்கும் வந்தன, தூக்கம் போனது. அங்கே பழம் உலரும் பரணில் இன்றைக்கும் ஒரு சன்னலைத் திறந்தே வைக்கிறார்கள்; எந்த மருமகளும் உறைப் பீப்பாயைக் கழுவுவதில்லை.