இடப்பக்கக் கதவில் இரண்டு துளைகள்

"டீச்சர், நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். இப்போ எங்க வீட்டுல வண்டியில ஏற மாட்டேங்கறாங்க."

கனகசபை வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னார்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. கோயமுத்தூர் உக்கடத்தில் பழைய கார் பட்டறை வைத்திருக்கும் மெகருன்னிசா. அவருக்கு நாற்பது வயது. அவரிடம் பாடம் கேட்க வருகிறவர்கள் எல்லாம் ரிட்டயர்டு ஆசாமிகள்.

கனகசபைக்கு அறுபத்தாறு. பம்ப் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். லிஸ்ட்டில் இல்லாத ஒரு போல்ட்டைக் கண்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

அவர் வீட்டில் நிற்பது கூரையை மடக்கிவிட்டு ஓட்டுகிற இரண்டு சீட்டு கார். வால்பாறை எஸ்டேட்டில் டாக்டராக இருந்த மாமனார் ஓட்டிய வண்டி. அது கம்பெனியை விட்டுக் கிளம்பியபோது அதில் என்னென்ன இருந்தது, பிறகு என்னென்ன வந்து ஒட்டிக்கொண்டது என்று இரண்டு வருஷமாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய கார் சங்கத்தார் வண்டியை மைதானத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள். எல்லாம் அசல் என்று அவர்கள் சொல்லிவிட்டால் ஒரு பித்தளைப் பட்டயம் கிடைக்கும். அதை வாங்கப் போகும்போது பக்கத்தில் மனைவி வசந்தாமணி உட்கார்ந்து வர வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

"அக்கா என்ன சொன்னாங்க?"

"இது எங்கப்பா வண்டியே இல்லைன்னுட்டா. மூணு நாளா சோத்துத் தட்டு வருதுங் டீச்சர். பேச்சுதான் வரலை."

"நான் என்ன சொல்லிக் கொடுத்தேன்?"

"திருகாணித் துளையோட உதட்டைப் பாருங்கன்னீங்க. பெயிண்ட் உள்ள இறங்கியிருந்தா கம்பெனி போட்ட துளை. வெறும் இரும்பு தெரிஞ்சா பின்னால யாரோ போட்டது."

"பார்க்கச் சொன்னேன். கழட்டச் சொன்னேனுங்களாண்ணா?"

கனகசபை கையோடு கொண்டுவந்திருந்த முறுக்கு டின்னைத் திறந்தார்.

உள்ளே வண்டியிலிருந்து கழட்டிய பத்தொன்பது சாமான்கள். கூடுதல் ஹாரன், சாம்பல் கிண்ணம், குடை மாட்டும் கொக்கி என்று ஒவ்வொன்றிலும் நூல் கட்டி, எண் எழுதிய அட்டை தொங்கவிட்டிருந்தார்.

டீச்சர் கடைசி அட்டையை எடுத்து வாசித்தார். "எண் பத்தொன்பது. தோல் வளையம். இடப்பக்கக் கதவு, உள்பக்கம். மூன்று விரல் நுழையாது. உபயோகம் இல்லை."

"ஆமாங். துளையில வெறும் இரும்பு. கம்பெனி வெச்சது இல்லைங்."

"இது எதுக்குன்னு யாரைக் கேட்டீங்க?"

"யாரைங் விட்டேன்? சீமையில கம்பெனிக்கே லெட்டர் போட்டேன். மூணு புஸ்தகம் பார்த்தாச்சு. பெங்களூர்ல ஒருத்தர், பம்பாய்ல ஒருத்தர்."

"அக்காவை?"

"அவளுக்கு வண்டியைப் பத்தி என்னங் தெரியும்?"

பட்டறை வாசலில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு டீச்சர் கையை நீட்டினார். "சாவி."

கனகசபை வழக்கம்போல வலப்பக்கம் போனார். அங்கே டீச்சர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் சுற்றிக்கொண்டு வந்து இடப்பக்கம் ஏறினார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள். முப்பது வருஷமாக அந்த வண்டி அவர் வீட்டில் நிற்கிறது. இடப்பக்கத்து சீட்டில் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

குளத்துக் கரைச் சாலையில் ஆளே இல்லை. டீச்சர் ஒரு வளைவை வேகமாகத் திருப்பினார். கதவோ இடுப்பளவுகூட இல்லை. கனகசபை வெளியே போய் விழுந்துவிடுவோம் என்றே நினைத்தார்.

"மெதுவாங் டீச்சர்."

டீச்சர் அடுத்த வளைவையும் அதே வேகத்தில் திருப்பினார்.

கனகசபையின் கை கதவில் பிடிமானம் தேடியது. வழுக்கிக்கொண்டே கீழே போனது. கடைசியில் விரல் இரண்டு துளைகளில் முட்டியது.

"என்னங்கண்ணா தேடறீங்க?"

"பிடிச்சுக்கலாம்னுங்." அவருக்கு மூச்சு வாங்கியது. "ஆனா இவ்வளவு கீழ வெச்சா யாருக்குங் டீச்சர் எட்டும்? நான் குனிய வேண்டியிருக்கு."

டீச்சர் வண்டியை ஓரங்கட்டினார். கையோடு கொண்டுவந்திருந்த வளையத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

கனகசபை இரண்டு விரல்களை நுழைத்துப் பார்த்தார். மூன்றாவது நுழையவில்லை. அது அவருக்குத் தெரிந்ததுதான், அட்டையில் எழுதியவரே அவர்தான்.

வால்பாறை மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவு. பிரசவத்திலேயே தாய் போய்விட்ட மகளை, டாக்டர் எங்கே போனாலும் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டுதான் போவாராம். கல்யாணத்தின்போது யாரோ சொல்லக் கேட்டது.

கனகசபை குனிந்து வளையத்தைத் துளைகளுக்கு நேராக வைத்துப் பார்த்தார்.

"மாட்டிட்டா சங்கத்துக்காரங்க மார்க் குறைப்பாங்களே" என்றார்.

"ஆமாங்கண்ணா, குறைப்பாங்க" என்று டீச்சர் கியரைப் போட்டார்.

அன்று சாயங்காலமே அதே துளைகளில், அதே பழைய திருகாணிகளைப் போட்டுக் கனகசபை வளையத்தை மாட்டினார். வாசலுக்குத் தண்ணீர் தெளிக்க வந்த வசந்தாமணி வாளியோடு நின்று பார்த்தார். தண்ணீரைத் தெளித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கனகசபை சட்டையை மாட்டிக்கொண்டு வருவதற்குள், வசந்தாமணி இடப்பக்கத்து சீட்டில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

மைதானத்தில் சங்கத்துச் சோதனைக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். இன்ஜின் எண் சரி, ஜாக்கி சரி, கூரைத் துணி சரி என்று குறித்துக்கொண்டே வந்தவர், இடப்பக்கக் கதவில் நின்றார்.

"இது கம்பெனி வெச்சது இல்லையே. எந்த வருஷம் மாட்டினது?"

கனகசபையின் கை பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்த நோட்டுக்குப் போனது. பாதியில் நின்றுவிட்டது. அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏன் வசந்தா, இது எப்போ வெச்சது?"

வசந்தாமணி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதைக் கேக்கறதுக்கு உங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார்.

பிறகு வளையத்துக்குள் இரண்டு விரலை விட்டுக்கொண்டு, சோதனைக்காரரைப் பார்த்துச் சொன்னார்.

"எழுதிக்குங்க. எனக்கு அப்போ நாலு வயசு."