பசிக்கு ஒரு மாத்திரை

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, நொய்யூர்ச் சீமையைக் கங்கேயராயன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தாரு. காலையில ஒரு ஆணை போடுவாரு, மத்தியானம் தூங்கி எந்திரிச்சு அதையே மாத்திப் போடுவாரு. நடுவுல அகப்பட்டவன் பாடு திண்டாட்டம்தான்.

அந்த வருஷம் மழை பொய்ச்சுப் போச்சு. அடுத்த அறுப்புக்கு இன்னும் மூணு மாசம். ஊருல பானையெல்லாம் கவுந்து கிடக்கு. அரண்மனைக் களஞ்சியம் மட்டும் நெல்லால பிதுங்குது. ஆனா தொட முடியாது. ராஜாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருதே, அம்பத்தாறு தேசத்து ராஜாக்களுக்கும் விருந்து வைக்கணுமே.

களஞ்சியச் சாவி இருந்தது அதிகாரி ஏகாம்பரத்தார் இடுப்புல. அரண்மனை வைத்தியச்சி குயிலாயியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. சபையில எவ்வளவு பேரு இருந்தாலும் ராஜா அவ பேச்சைத்தான் முதல்ல கேட்பாரு. அன்னைக்கு ஏகாம்பரத்தார் குரலை எண்ணெயில முக்கி எடுத்த மாதிரி ஆரம்பிச்சாரு.

"மகாராஜா, அடியேன் சொல்றது என்னன்னா, பசிங்கிறது என்ன? ஒரு வியாதி. வியாதின்னா மருந்து இருக்கணும். மருந்துக்கு நம்ம குயிலாயி இருக்கா. களஞ்சியத்தை எதுக்குத் திறக்கணும்? இனிமே எந்தப் பஞ்சம் வந்தாலும் ஆளுக்கு ஒரு மாத்திரை, தீந்துச்சு தொல்லை."

ராஜா தொடையைத் தட்டினாரு. "பிரமாதம்யா. ஏ குயிலாயி, மூணு நாள் தர்றேன். பசியைப் போக்குற மாத்திரை கொண்டா. இல்லேன்னா உனக்குத் தலை எதுக்கு?"

குயிலாயி காலையிலதான் சோறு காணாத ஒரு பிள்ளைத்தாச்சிக்கு நாடி பார்த்துட்டு வந்திருந்தா. நூல் மாதிரி ஓடிச்சு. முடியாதுன்னு சொன்னா தலை இப்பவே போகும், முடியும்னா மூணு நாள் கழிச்சுப் போகும். "ஆகட்டும் மகாராஜா"ன்னா.

ஏகாம்பரத்தார் விடலை. "வைத்தியருங்க வித்தை நமக்குத் தெரியாதா? மருந்து கேட்கலேன்னா, 'பத்தியம் தப்பிட்டீங்க, நான் சொன்ன முறையில சாப்பிடலை'ன்னு நம்ம மேலயே திருப்பிடுவாங்க. அதனால ஒரு ஆணை போடுங்க. அவ சொல்ற முறையில அணுவளவும் குறையக் கூடாது. குறைச்சவன் எவனா இருந்தாலும் தலை போகும். அப்புறம் எப்படித் தப்பிக்கிறான்னு பார்ப்போம்."

ராஜா அதை அப்படியே செப்பேட்டுல வெட்டச் சொன்னாரு. குயிலாயி ஒரு நொடி நின்னா. கும்பிட்டுட்டுப் போயிட்டா.

மூணாம் நாள் காலையில சபை நிறைஞ்சிருந்துச்சு. ரெண்டு நாளாச் சோறு காணாத நாப்பது பேரைக் கொண்டாந்து உட்கார வச்சிருந்தாரு ஏகாம்பரத்தார். ஓரமா வாள்காரன் மூக்கன் நின்னான்.

குயிலாயி கொண்டாந்ததுல ஒரு மாத்திரையை ஏகாம்பரத்தார் உடைச்சு, மோந்து, நக்கிப் பார்த்தாரு. "சுக்கு, மிளகு, திப்பிலி. தேன்ல உருட்டியிருக்கா. அரிசி ஒரு நொய் கூட இல்லை. நடக்கட்டும்."

நாப்பது பேரும் முழுங்கினாங்க. ஒரு நாழிகை போச்சு. ராஜா குனிஞ்சு, முன்னால இருந்த தறிக்காரரைக் கேட்டாரு. "என்னய்யா, பசி போச்சா?"

"எங்கேங்க போச்சு? முன்னாடி வயிறு சும்மா சுருண்டு கிடந்துச்சு. இப்ப என்னையே தின்னுரும் போலிருக்குங்க."

சுக்கும் திப்பிலியும் பசியைக் கிளப்பாம வேற என்ன பண்ணும்?

ராஜா விரலை அசைச்சாரு. மூக்கன் வந்து நின்னான். குயிலாயி பிடரியில வாள் சில்லுனு பட்டுச்சு.

"செத்த பொறு மூக்கா"ன்னா அவ. "மகாராஜா, மருந்து இன்னும் பாதிதான் ஆச்சு. அனுபானம் குடுக்கலையே."

அனுபானம்னா, மருந்தோட சேர்த்துக் குடுக்கிறது. ராஜாவுக்குத் தெரியாததா? தினம் சூரணத்துக்கு ஒரு கரண்டி தேன்னு இவ சொன்னா, மூணு கரண்டி கேட்டு வாங்குற மனுஷன்.

"இதுக்கு என்ன, தேனா? பாலா?"

"அரிசிக் கஞ்சி. ஆளுக்கு ஒரு உழக்கு அரிசி, உப்புப் போட்டுக் குழையக் காய்ச்சி. காலையில ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. ரெண்டு மண்டலம். நாட்டுல எல்லாருக்கும்."

ரெண்டு மண்டலம்னா தொண்ணூத்தாறு நாள். அறுப்பு வந்துரும்.

ஏகாம்பரத்தார் துள்ளி எந்திரிச்சாரு. "மோசடி. அது மருந்தில்லை, சாப்பாடு."

"அப்ப மகாராஜா தினம் சாப்பிடுற தேன் வைத்தியம் இல்லைங்களா? நாக்கு ருசிக்குங்களா?"

ராஜா மேல்கூரையைப் பார்த்தாரு.

"சாவியைத் தர மாட்டேன். ஒரு மணி நெல்லு கூட..." அதோட ஏகாம்பரத்தாருக்கு வார்த்தை சிக்கிக்கிச்சு. செப்பேட்டுல வெட்டினது நினைப்புக்கு வந்துருச்சு. மூக்கன் பாவம், சொன்னதைச் செய்றவன். வாளை மெதுவா இவர் பக்கம் திருப்பினான்.

ராஜா சிரிக்கலை. "குயிலாயி, என்னை ஏமாத்துறியா?"

"பசிக்கு எங்கிட்ட வேற மருந்து கிடையாது மகாராஜா. யாருகிட்டயும் கிடையாது. இன்னைக்குக் கஞ்சி இல்லேன்னா, அடுத்த மாசம் காய்ச்சல் வரும், வயித்துப்போக்கு வரும். அப்ப நான் மூட்டை மூட்டையா மருந்து கொண்டாந்தாலும் அதைத் தாங்க உடம்பு இருக்காது. இதைச் சொன்னதுக்கு வெட்டணும்னா வெட்டிக்கோங்க."

ராஜா கண்ணு கூட்டத்துல ஒரு பொம்பளை மேல நின்னுச்சு. மாத்திரை மடிச்சிருந்த இலையில ஒட்டின தேனை அவ நக்கிக்கிட்டிருந்தா. ரொம்ப நேரம் பார்த்தாரு.

"கல்யாணத்தை அறுபத்தொண்ணாம் கல்யாணமா வச்சுக்கலாம்"னாரு. "மகாராணி ஓடியா போயிடப் போறா? அடுப்பை மூட்டுங்கய்யா."

அப்புறம் தன் முத்துமாலையைக் கழட்டி, வாள் பட்ட அந்தக் கழுத்துலயே போட்டாரு. போட்டுட்டுத் திரும்பி, "இந்த ஏகாம்பரத்தாருக்கும் ஒரு நாடி பாரேன்"னாரு.

குயிலாயி கையைப் பிடிச்சுப் பார்த்தா. "பசின்னா என்னன்னே தெரியாத நோவுங்க இவருக்கு. முறை வேற. வேளைக்கு நாலு மாத்திரை மட்டும். பசி தெரியுற வரைக்கும் வேற ஒண்ணும் உள்ளே போகக் கூடாது."

அவ சொன்ன முறையில அணுவளவும் குறைக்க முடியாதே. எட்டு மாத்திரை உள்ளே போச்சு. மறுநாள் சாயங்காலம் கஞ்சி வரிசையில, தறிக்காரருக்குப் பின்னால, தொன்னையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு ஏகாம்பரத்தார்.

அகப்பையோட நின்ன குயிலாயி, "என்னங்க இந்தப் பக்கம்?"னா.

அவர் ரெண்டு பக்கமும் பார்த்துட்டு, குரலைத் தாழ்த்தினாரு. "எனக்குக் குணமாயிருச்சு தாயி. அனுபானம் ஊத்து."