எச்சில் ஓடு

அந்தக் காலத்தில், நத்தைக்கும் நண்டுக்கும் பேச்சு வந்துகொண்டிருந்தபோது, வெயில் எட்டாத ஆழ்கடல் தரையில் வெள்ளச்சி என்றொரு நத்தை தன் தங்கை பூவாயியோடு இருந்தாள். இருவருக்கும் ஓடு அப்பளம் மாதிரி மெல்லியது.

அங்கே பெருங்கொடுக்கன் என்ற நண்டு வைத்ததுதான் சட்டம். அகப்பட்டதையெல்லாம் தின்பான். ஆனாலும் பெரிய ஆசாரக்காரன், எச்சிலைத் தொடமாட்டான். நாம் சாப்பிட்ட இலையை மடிப்பதுபோல, அவன் தின்ற ஓட்டைக் குழி மேலே தெரிய மல்லாத்திப் போடுவான். இருட்டில் தடவும்போது குழி தட்டுப்பட்டால் விலகிவிடுவான்.

ஒருநாள் இரை தேடப்போன பூவாயி திரும்பவில்லை. தேடிப்போன வெள்ளச்சி அவளுடைய ஓட்டைத்தான் கண்டாள். மல்லாந்து கிடந்தது. பக்கத்துக் கல்லில் பூவாயி இட்ட முட்டைகள் ஒட்டியிருந்தன. வெள்ளச்சி வாய்விட்டு அழுதாள்.

அழுகைச் சத்தம் கேட்டு நண்டு திரும்பி வந்தான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட நத்தைக்குக் கை ஏது? ஓடினாலும் முட்டைகள் போய்விடும். வெள்ளச்சி தங்கையின் ஓட்டை இழுத்து, குழி மேலே தெரியத் தன் முதுகில் வைத்துத் தன் உடம்பில் ஊறும் பசையால் ஒட்டினாள்.

பக்கத்தில் கிடந்த கடலட்டை பதறிப்போனாள். "ஏட்டி, கூடப்பிறந்தவ ஓட்டையா? பாவமில்லியா?"

"அவ பிள்ளைகளுக்குத்தானக்கா. கோவிச்சுக்கமாட்டா."

சொல்லிவிட்டு, முட்டைகளின்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். கொடுக்கு வந்து முதுகைத் தடவியது. குழி தட்டுப்பட்டது.

"சீ! நான் தின்ன எச்சில்லா இது," என்று முகம் சுளித்துப் பெருங்கொடுக்கன் போய்விட்டான்.

முட்டைகள் பொரியும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பொரிந்த பிறகு கடலட்டை, "இனி அந்தச் சுமைய எறக்கி வையேம்ட்டி," என்றாள்.

"கனக்கலக்கா."

குஞ்சுகளில் ஒன்று ஏறி வந்து அந்த ஓட்டைத் தடவிப் பார்த்தது. "பெரியம்மா, ஒன் முதுகுல என்னது?"

"ஒங்க அம்மா."

குஞ்சுகள் தரையில் கிடந்த வெற்று ஓடுகளை ஆளுக்கொன்றாக எடுத்து, குழி மேலே தெரியத் தங்கள் முதுகில் ஒட்டிக்கொண்டன.

அன்று முதல்தான் அந்த நத்தை இனம், கண்ட ஓட்டையெல்லாம் தன் ஓட்டின்மேல் மல்லாக்க ஒட்டிக்கொண்டு, ஒன்றையும் இறக்கி வைக்காமல் ஆழ்கடலில் ஊர்ந்து திரிகிறது.