புக்கிங் கம்ப்யூட்டர் கேட்காத கேள்வி

"அந்தப் பொண்ணை வேலையை விட்டு அனுப்பியாச்சு மேடம். அப்பவும் கோளாறு போகமாட்டேங்குதே" என்றார் இருதயராஜ்.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர் சமாச்சாரம் அத்தனைக்கும் அவர்தான் தலைமை. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நூருன்னிஸாவைவிட இருபது வயது மூத்தவர். மூத்தவரானால் என்ன, சிஸ்டம் மக்கர் பண்ணினால் பெரிய மனுஷர்கள்கூட அவள் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

"என்ன கோளாறு அண்ணாச்சி?"

"பழைய சர்வரை விட்டுட்டுப் புதுசுக்கு மாறினோம். எல்லாக் கம்ப்யூட்டரும் ஒழுங்கா புதுசுக்குப் போகுது. இந்த புக்கிங் கம்ப்யூட்டர் மட்டும் பழசுக்கே போய் நிக்குது."

ஆட்டோவில் தூக்கி வந்த கம்ப்யூட்டரை மேஜைமேல் வைத்தார்.

"எந்த சர்வர் பேரைச் சொன்னாலும் அதோட விலாசம் சொல்ற இன்னொரு சர்வர் இருக்குல்லா, அதைப் பார்த்துக்கிட்டவதான் அந்தப் பொண்ணு பொற்கொடி. அவதான் ஏதோ சொதப்பியிருக்கணும்."

நூருன்னிஸா கம்ப்யூட்டரை ஆன் செய்தாள்.

"ஒரு பேரைச் சொன்னா, இது முதல்ல எங்கே பார்க்கும்?"

"அந்த சர்வர்கிட்ட கேக்கும்."

"முதல்ல?"

இருதயராஜ் தலையைச் சொறிந்தார். "முதல்ல... தனக்குள்ளேயே ஒரு ஃபைல் வச்சிருக்கும். அதைப் பார்க்கும். அதுல இல்லேன்னாத்தான் வெளியே கேக்கும். அதெல்லாம் இப்ப யாரு மேடம் தொடுறா?"

அவள் அந்த ஃபைலைத் திறந்தாள்.

ஒரே ஒரு வரி இருந்தது. சர்வர் பேரும் பழைய விலாசமும். எப்போதோ யாரோ அவசரத்துக்கு எழுதிப் போட்டு, அழிக்க மறந்தது.

"அப்போ பொற்கொடி பார்த்துக்கிட்ட சர்வர்கிட்ட..."

"இது போய்க் கேக்கவே இல்ல அண்ணாச்சி."

இருதயராஜ் பொத்தென்று உட்கார்ந்தார். அடப்பாவி மனுஷா, என்ன காரியம் பண்ணிட்டே என்று தன்னையே திட்டிக்கொண்டார். அந்தப் பெண்ணின் சம்பளத்தில்தான் அவள் வீடே ஓடிக்கொண்டிருந்தது.

நூருன்னிஸா அந்த வரியை அழித்தாள்.

"அனுப்புறப்போ அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"என்னமோ சொல்ல வந்தா. 'ஒண்ணும் பேசாதே'ன்னுட்டேன்."

நூருன்னிஸா அவருடைய போனை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் பொற்கொடிக்குப் போன் போட்டார்; ரொம்ப நேரம் மணி அடித்தது. பிறகு எடுத்தாள்.

"பொற்கொடி, நான்தாம்மா. அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தியே, என்னதும்மா?"



"இப்பத்தான் கேக்கத் தோணிச்சா சார்?"