கல்லுக்கு அடியில் ஒரு மிதவைச் சட்டை

ஒரு காட்டில், மலையை ஒட்டினாற்போல் ஓர் ஏரி. ஏரி நிரம்பியதும் காட்டுக் குட்டிகள் எல்லாம் பாக்குமட்டைப் படகில் ஏறித் துடுப்புப் போடக் கிளம்பிவிடும். மிதவைச் சட்டை போடாத குட்டிக்குப் படகு கிடையாது. அழுதாலும் கிடையாது, புரண்டாலும் கிடையாது.

அந்தக் காட்டில் ஓர் அழுங்கு இருந்தது. அழுங்கு தெரியும் அல்லவா, பிள்ளைகளே? எறும்பு தின்னும். உடம்பெல்லாம் செதில். ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். ஆனால் இந்த அம்மா அழுங்கு, யாராவது "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாலே சுருண்டுவிடும். எதற்காகக் கேட்கிறார்கள் என்று சந்தேகம்.

அதற்கு ஒரே பிள்ளை, பெயர் குன்னி. குன்னிக்கு நீச்சல் வராது. படகு என்றால் மட்டும் கால் தரையில் நிற்காது.

அதனால் அம்மா அழுங்கு குன்னியைக் கூட்டிக்கொண்டு நீர்நாயிடம் போனது. கரையில் உட்கார்ந்து மிதவைச் சட்டை தைப்பது நீர்நாய்தான். மெழுகு தடவிய துணிக்குள் இலவம்பஞ்சை அடைத்துத் தைக்கும். கை ஓயாது, வாய் அதற்கு மேல் ஓயாது.

"வாங்கம்மா, வாங்க! பிள்ளைக்கா? இதைப் பாருங்க. கொஞ்சம் பெருசுதான். வளர்ற பிள்ளை, ரெண்டு மழைக்கு வரும். எல்லாரும் இப்படித்தான் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க."

"எல்லாரும் வாங்கினா நானும் வாங்கணுமா?"

அம்மா அழுங்கு அந்தச் சட்டையைக் குன்னிக்கு மாட்டியது. வாரை இறுக்கியது. பிறகு தோள் பக்கம் பிடித்து மேலே தூக்கியது. சட்டை மட்டும் மேலே வந்தது. குன்னியின் மூக்கு உள்ளே போய்விட்டது.

"அம்மா, இருட்டா இருக்கு!"

"பாத்தியாப்பா? தண்ணியில விழுந்தா உன் சட்டை மிதக்கும், என் பிள்ளை அடியில கிடக்கும். நல்லா இருக்கு உன் யாவாரம்!"

நீர்நாய் மீசையைத் தடவியது. "சரிதாம்மா. கேக்குறாங்களேன்னு கொடுத்துக் கொடுத்துப் பழகிப்போச்சு."

அடுத்து, அளவான ஒரு சட்டை வந்தது. அம்மா அழுங்கு தையலை நகத்தால் நிமிண்டிப் பார்த்தது. கொக்கியை மாட்டிக் கழற்றியது. கால் நடுவே போகும் வாரை இழுத்துப் பார்த்தது. தோளைப் பிடித்துத் தூக்கியபோது இந்த முறை குன்னியும் சேர்ந்தே வந்தது. கடைசியில் குன்னியை ஓரத் தண்ணீரில் இறக்கிவிட்டுப் பார்த்தது. குன்னி தக்கையாக மிதந்தபடி சிரித்தது.

இதுவரை சந்தேகம் நல்ல வேலைதான் செய்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

புறப்படும்போது நீர்நாய் சொன்னது: "ஈரத்தோட மடிச்சு வைக்காதீங்கம்மா. நிழல்ல காத்தாடத் தொங்கவிடுங்க. மேல பாரம் எதையும் ஏத்தாதீங்க. பஞ்சு நசுங்கிட்டா அப்புறம் தூக்காது."

அம்மா அழுங்கின் செதில்கள் சிலிர்த்தன.

'வெளியே தொங்கவிடணுமாம். எதுக்கு? திருடு போறதுக்கு. திருடு போனா நான் யார்கிட்ட வருவேன்? மறுபடி இவன்கிட்டத்தான். ஆகா, என்ன மூளை!'

வளைக்குப் போனால் அங்கே இன்னொரு தலைவலி. வளைக்கு மேலே இருந்த மரத்தில் ஒரு மலையணில் குடியிருந்தது. உதவிக்கு ஓடி வருகிற குணம். தன் பிள்ளையின் சட்டையை இலை அடர்ந்த கிளையில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா! நீங்களும் வாங்கிட்டீங்களா? சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கே. கொடுங்க, பக்கத்துலயே மாட்டிடுறேன். இடம் இருக்கு."

"ஏன், இடம் ஒதுக்கியே வச்சிருந்தியோ?"

"என்னக்கா இப்படிப் பேசுறீங்க?"

"உன் கூட்டுல மெத்தைக்கு என்ன போட்டிருக்கே?"

"இலவம்பஞ்சுதான்."

"அப்படிச் சொல்லு!"

அவ்வளவுதான். அம்மா அழுங்கு சட்டையை வாரிச் சுருட்டிக்கொண்டு வளைக்குள் போனது. வளையின் கடைசி மூலையில், நீர் கசியும் இடத்தில், ஈரத்தோடு நான்காக மடித்து வைத்தது. அதன்மேல் ஒரு பாறாங்கல்லை உருட்டி வைத்தது. அதுவும் போதாமல் கல்லின்மேல் தானே ஏறிப் படுத்துக்கொண்டது.

அன்றைக்கே அடைமழை பிடித்துக்கொண்டது. படகு எல்லாம் கரையேறிவிட்டது. மழை விடுகிற வழியாக இல்லை.

"அம்மா, வளைக்குள்ள ஒரு மாதிரி நாத்தம் அடிக்குது" என்றது குன்னி.

"அடிக்கட்டும். திருட வர்றவனுக்கும் அடிக்கும்ல?"

ஒருவழியாக வானம் வெளுத்தது. குட்டிகள் எல்லாம் கரைக்கு ஓடின. அம்மா அழுங்கு கல்லைப் புரட்டிச் சட்டையை எடுத்தது. தட்டையாக இருந்தது. கறுப்புப் புள்ளிகள் இருந்தன. இருந்தால் என்ன, திருடு போகவில்லையே! அதற்கு அந்தப் பெருமை.

கரையில் நீர்நாய் நின்றுகொண்டிருந்தது. "மழை முடிஞ்சு முதல் தடவை, அதனால எல்லாரும் ஓரத் தண்ணியில ஒரு தரம் மிதந்து பாத்துட்டு ஏறணும். அம்மா, குன்னியை இறக்குங்க."

"ஒரு தரம் மிதந்துச்சு, நான் பாத்தேன். திரும்பத் திரும்ப நனைச்சா துணி இத்துப்போகும். இத்துப்போனா உன்கிட்ட வரணும். எனக்கா தெரியாது? ஏறு குன்னி!"

நீர்நாய் வாயைத் திறப்பதற்குள் படகு நகர்ந்துவிட்டது.

குன்னி நன்றாகத்தான் துடுப்புப் போட்டது. நடு ஏரியில் ஓர் அல்லிப் பூ. அதை எட்டிப் பிடிக்கச் சாய்ந்தது. பாக்குமட்டை கவிழ்ந்தது.

கரையில் யாரும் பதறவில்லை. சட்டை போட்ட பிள்ளைதானே, இதோ மேலே வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குமிழி வந்தது. இன்னொரு குமிழி வந்தது. குன்னி வரவில்லை.

அம்மா அழுங்கு அப்போது சுருளவில்லை. "ஐயோ, என் பிள்ளை!" என்று அலறிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடியது. மலையணில் பாய்ந்து அதன் வாலைப் பிடித்து இழுத்தது. அதற்குள் நீர்நாய் மூழ்கிவிட்டது.

மூழ்கிய நீர்நாய் குன்னியோடு மேலே வந்தது. கரையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டியது. குன்னி தண்ணீரைக் கக்கியது, இருமியது, பிறகு ஓவென்று அழுதது.

அம்மா அழுங்குக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் வாயும் வந்தது.

"எல்லாரும் வாங்க! இவன் என்ன வித்திருக்கான்னு பாருங்க! பஞ்சுக்குப் பதிலா மண்ணை அடைச்சிருக்கான்!"

நீர்நாய் அந்தச் சட்டையின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தது. உள்ளே பஞ்சு கறுத்து, கட்டிதட்டி, சாணி வறட்டி மாதிரி கிடந்தது.

"இதை எங்கம்மா வச்சிருந்தீங்க?"

"பத்திரமாத்தான் வச்சிருந்தேன்."

"எங்க?"

அம்மா அழுங்கு மலையணிலைப் பார்த்தது. ஏரியைப் பார்த்தது. குன்னிதான் இருமிக்கொண்டே சொன்னது:

"ஈரத்துல. கல்லுக்கு அடியில. கல்லுமேல அம்மா."

யாரோ ஒருவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. மலையணில் தன் பிள்ளையின் சட்டையைத் தூக்கித் தண்ணீரில் போட்டது. இதுவும் நீர்நாய் தைத்ததுதான், மழை நாளில் கூட்டுக்குள் நனையாமல் தொங்கியது. அதே இலவம்பஞ்சுதான். அழுத்தினால்கூட உள்ளே போகாமல் துள்ளிக்கொண்டு மேலே வந்தது.

"குன்னிக்கு இது அளவாத்தான் இருக்கும், அக்கா" என்றது மலையணில். "என் பிள்ளைக்கு நீச்சல் தெரியும். அதுக்குப் புதுசு தைக்கிற வரைக்கும் கரையில விளையாடட்டும். இதைக் குன்னி போட்டுக்கட்டும்."

அம்மா அழுங்கு தலை குனிந்தது. திருடி என்று நினைத்தவளிடமிருந்தே வாங்கும்படி ஆகிவிட்டதே! கொஞ்ச நேரம் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றது. பிறகு இரண்டு கையையும் நீட்டியது.

"கொடும்மா. நான் பத்திரமா வச்சுக்கிறேன்."

குன்னி சட்டென்று குறுக்கே வந்து நின்றது. சட்டையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டது.

"நீ தொடாதே, அம்மா!"

அந்த வீட்டில் முதல்முறையாகச் சந்தேகம் சரியான ஆள்மேல் விழுந்தது.

நீதி: உயிர் காக்கும் பொருளைத் திருடரிடமிருந்து காத்தால் மட்டும் போதாது, நம்மிடமிருந்தும் காக்க வேண்டும்.