குளவி கொண்டுவந்த சீர்

குளவி பேசுவது மனிதருக்கும், மனிதர் பேசுவது குளவிக்கும் புரிந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், குளவிக்குப் பானை செய்யத் தெரியாது. சொன்னால் நம்பமாட்டீர்கள், காய்ந்த மூங்கிலிலும் வேலிப் பொந்திலும் முட்டையை வைத்துவிட்டு அது பாட்டுக்கு ஊர் சுற்றப் போய்விடும். இடுப்பு இருந்ததோ இல்லையோ, வாய் மட்டும் ஊருக்கே போதுமான அளவு இருந்தது.

அந்த வாயாடி தினமும் தண்ணீர் குடிக்க வந்தது செம்பாயி வீட்டுக் கொல்லைக்கு. செம்பாயி அந்த வீட்டுக்கு இளைய மருமகள். குடத்தடி ஈரத்தில் குளவி உட்கார்ந்தால் மற்றவர்கள் விரட்டுவார்கள்; இவளோ இன்னும் ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டுப் போவாள். அப்படியே பேச்சு வளர்ந்து, அது அவளை அக்கா என்றது, அவள் அதைத் தங்கச்சி என்றாள்.

தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது, பாத்திரம் தேய்த்துக்கொண்டே அக்கா அழுதாள். குளவி விடாமல் நச்சரித்ததில் விஷயம் வெளியே வந்தது. அந்த வீட்டில் ஒரு வழக்கம். எந்த மருமகளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுப்பானை சீராக வருகிறதோ, அவள்தான் பொங்கலன்று வாசலில் அடுப்பு மூட்டலாம். மூத்தவள் மாரக்காளுக்கு மூன்று அண்ணன்மார், வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். செம்பாயிக்கோ தாய் தகப்பன் போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று, கூடப்பிறந்தவர்களும் இல்லை. இரண்டு வருடமாக, வாசலில் எல்லாரும் கூடி நிற்கையில் அவள் உள்ளே உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இந்தத் தைக்கும் பானை வராவிட்டால் இனி எந்தத் தைக்கும் வாசல் அடுப்பு உனக்கில்லை என்று மாமியார் பெருமாயி தீர்த்துச் சொல்லிவிட்டாளாம். புருஷன் காத்தான் தங்கமானவன்தான், ஆனால் தாய்க்கு எதிரே வாயே திறக்கமாட்டான்.

குளவி கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா? பானையை நான் கொண்டுவர்றேன்" என்றது.

"நீயா? சீர்னா அண்ணன் தம்பிதாண்டி கொண்டுவரணும்."

"ஏன், தங்கச்சி கொண்டுவந்தா பால் பொங்காதா?"

சொல்லிவிட்டுப் பறந்தே போய்விட்டது. சந்தையில் வாங்கக் கையில் காசு ஏது, சுற்றுவதற்குச் சக்கரம்தான் ஏது? குயவர் தெருவுக்குப் போய், மண்ணை எப்படிப் பிசைகிறார்கள், எப்படி வளைக்கிறார்கள் என்று மூன்று நாள் கூரையில் உட்கார்ந்து பார்த்தது. இதென்ன பெரிய வித்தை என்று நேரே ஏரிக்கரைக்குப் போயிற்று. வாய்க்கு ஒரு உருண்டை மண். அதை எச்சில் விட்டுக் குழைத்து, ஒரு தட்டைக் கல்லின்மேல் வளையம் வளையமாக ஏற்றியது. முதல் பானை காய்ந்ததும் வெடித்தது. இரண்டாவது ஒரு பக்கமாகச் சப்பிப்போனது. குளவி அதற்கெல்லாம் அசரவில்லை. மூன்றாவதில் வயிறும் வந்தது, கழுத்தும் வந்தது, கழுத்துக்கு மேலே அழகாக ஒரு விளிம்பும் வந்தது. உள்ளே இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. காலை நீட்டிப் படுத்தாலும் இடம் மிச்சம். அடேயப்பா, ஊருக்கே பொங்கிப் போடலாமே என்று அதற்குத் தலைகால் புரியவில்லை.

பொங்கலன்று காலை, வாசலில் உறவெல்லாம் கூடியிருக்கும்போது, தூக்க முடியாமல் தூக்கிவந்து பானையை இறக்கியது. பக்கத்தில் மாரக்காளின் அண்ணன்மார் கொண்டுவந்த பானை, மூன்று படி அரிசி வேகும். குளவியின் பானை நெல்லிக்காய் அளவு. கூட்டம் கொல்லென்று சிரித்தது. இதில் பொங்கினால் எறும்புக்குக்கூட வாய் நனையாது என்றாள் பெருமாயி. இரண்டு பானையையும் ஒன்றாகப் பார்த்த பிறகுதான் குளவிக்கு விஷயமே உறைத்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அதற்குப் பேச வாய் வரவில்லை. அக்காவைக் காப்பாற்ற வந்து அவள் மானத்தையே வாங்கிவிட்டோமே என்று கூசிப்போயிற்று. போய்விடலாம் என்று இறக்கையை விரித்தது.

செம்பாயி பானையை உள்ளங்கையில் எடுத்தாள்.

"அத்தை, பொறந்த வீட்டுப் பானை வேணும்னு சொன்னீங்க. எத்தனை படின்னு சொல்லலையே. இது என் தங்கச்சி கையால செஞ்சது. நான் இதிலதான் பொங்கப்போறேன்."

செம்பாயி மூன்று கூழாங்கல்லைக் கூட்டி அடுப்பாக்கினாள். பானைக் கழுத்தில் மஞ்சள் நூலைக் கட்டினாள். இரண்டு சொட்டுப் பால், நாலு அரிசி நொய். ஈர்க்குச்சியை ஒடித்துத் தீ மூட்டினாள். மாரக்காளின் பானைக்கு இன்னும் அடிகூடச் சுடவில்லை. அதற்குள் சின்னப் பானையில் நுரை கட்டி, கழுத்தைத் தாண்டி, கிழக்கே பார்த்து வழிந்தது.

"பொங்கலோ பொங்கல்!"

தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது காத்தான். அப்புறம் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள், சிரித்தவர்களும்தான். அந்த வருடம் ஊரிலேயே முதலில் பொங்கிய பானை அதுதான். பெருமாயி குனிந்து அதிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டாள். "அடுத்த தைக்கு உன் தங்கச்சியைக் கொஞ்சம் பெரிசாச் செய்யச் சொல்லு" என்றாள். என் அளவு இதுதான், வேண்டுமானால் எண்ணிக்கையில் கூட்டித் தருகிறேன் என்றது குளவி. அதற்குப் பழைய வாய் திரும்பிவிட்டது.

சீராக வந்த பானையைத் தூக்கிப் போட முடியுமா? செம்பாயி அதைக் கழுவி, ஈர மண் வைத்து வாசற்சுவரில் ஒட்டினாள். பிறந்த வீட்டுப் பானை வெறுமையாக இருக்கக்கூடாது என்று குளவி தன் முட்டையை அதில் வைத்து வாயை மூடிவிட்டது. பிள்ளை பெரியம்மா வீட்டில் வளரட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிற்று. பங்குனி முடிவதற்குள் மண்ணைத் துளைத்துக்கொண்டு ஒரு குட்டிக் குளவி வெளியே வந்தது. அதே வாரம் செம்பாயிக்கு மசக்கை கண்டது.

அன்று தொட்டுத்தான் குளவி ஏரி மண்ணைச் சுமந்து, வீடு வீடாகப் போய்ச் சுவரில் பானை வைக்கிறது. இடிக்கக் கையை ஓங்குகிற பெண்களும் பாதியில் நிறுத்தி, "வேண்டாம், விடு. இந்த வீட்டிலே பிள்ளை பிறக்கப்போகுது" என்கிறார்கள்.