ழகரத்தின் வால்

“இப்ப சுத்தமாயிட்டா டீச்சர்?”

அருளப்பன் நான்கு பக்கக் காகிதத்தை நீட்டினார். அவருடைய வீட்டுக் கணினியில் இருக்கும் மென்பொருள்களின் பட்டியல். ஒன்று விடாமல் அச்சடித்திருந்தார்.

நூருன்னிசா டீச்சருக்கு அவரைவிட இருபத்தாறு வயது குறைவு. தூத்துக்குடியில் ஒரு பேக்கரியின் மாடியில், ஞாயிற்றுக்கிழமைதோறும் கட்டற்ற மென்பொருள் சொல்லிக்கொடுத்தார். யாரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். நான்கில் ஒன்று குறைந்தாலும் அது மூடியது. பாடம் மொத்தமே இவ்வளவுதான். அதற்கே ஆட்கள் வருடக்கணக்காக வந்துகொண்டிருந்தார்கள்.

டீச்சர் முதல் பக்கத்தின் மேல் வரியைப் பார்த்தார். அதற்குமேல் படிக்கவில்லை.

“இன்னும் ஒண்ணு மூடியே இருக்கு, அண்ணாச்சி.”

“எது?”

டீ வந்துவிட்டது. டீச்சர் எழுந்து போய்விட்டார்.



அருளப்பன் துறைமுகத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடிதான்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. அவர் மனைவி செலின் ஒன்பது வருடம் தினமும் நாலு வரி கணினியில் எழுதிவந்தாள். அவள் இறந்த வருடமே அந்த மென்பொருளைச் செய்த நிறுவனம் கடையைக் கட்டியது. கோப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஒன்றுகூடத் திறக்கவில்லை.

சாவி வேறொருவன் கையில் இருக்கும் பூட்டு எதுவும் இனி என் வீட்டில் இருக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தார்.

அதனால் டீச்சர் சொன்னதைக் கேட்டு மனம் தளரவில்லை. வீட்டுக்குப் போய்த் துழாவினார். வைஃபைக்கு ஒரு மூடிய நிரல் ஓடிக்கொண்டிருந்தது. வைஃபை அட்டையையே கழற்றிப் போட்டுவிட்டு, கூடத்திலிருந்து படுக்கையறை வரை வயர் இழுத்தார். அதில் அவரே இரண்டு முறை தடுக்கி விழப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு மூன்று பக்கம் கொண்டுவந்தார்.

டீச்சர் மேல் வரியைப் பார்த்தார்.

“இன்னும் ஒண்ணு இருக்கு.”

பழைய பிரிண்டர் போயிற்று. கட்டற்ற நிரலோடு ஒத்துப்போகும் வேறொன்று வந்தது. சீட்டாட்டம் போயிற்று. அது கட்டற்றதுதான், ஆனாலும் ஒரு சந்தேகத்தில் அதையும் எடுத்துவிட்டார்.

அதற்கடுத்த ஞாயிறு ஒரே பக்கம்.

“இன்னும் ஒண்ணு இருக்கு, அண்ணாச்சி.”

அருளப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. “இனி எடுக்கதுக்கு என்ன டீச்சர் இருக்கு? என் சட்டையத்தான் கழத்தணும். ஒவ்வொரு வரியா பாத்துட்டேன். நீங்க ஒரு வரிக்கு மேல படிக்கவே மாட்டேங்கீங்க.”

“ஒரு வரி போதும்.”

டீச்சர் காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“இது என்ன எழுத்து?”



“செலின் எழுத்து.”

அவள் கையால் எழுதியதில் மிஞ்சியது ஒரு சமையல் குறிப்பு நோட்டு மட்டும். அதிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக வரைந்தெடுத்து, இரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு ஃபான்ட் செய்திருந்தார். அவர் கணினியில் எல்லாமே அந்த எழுத்தில்தான் தெரியும். மூடியது எது என்று தேடியதும் அந்த எழுத்தில்தான்.

“பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தங்க, பிள்ளைகளுக்குப் பாடம் அச்சடிக்கதுக்கு இதைக் கேட்டாங்கல்லா. என்ன சொன்னீங்க?”

“தர மாட்டேன்னேன்.”

டீச்சர் அந்த மேல் வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

“அது மென்பொருள் இல்ல டீச்சர். அவ கை.”

அருளப்பன் காகிதத்தை இன்னும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“கொடுத்தா மாத்துவாங்க. அவ ழ-வுக்கு நீளமா வால் போடுவா. எவனாவது அதை வெட்டுவான். என்னால பாக்க முடியாது.”

“அவங்களுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தது யாரு?”

“அவ அக்கா. மெர்சி.”

“மெர்சி அக்காவும் ழ-வுக்கு இவ்வளவு நீளமா வால் போடுவாங்களா?”

அருளப்பன் காகிதத்தில் இருந்த ழ-வைப் பார்த்தார்.

மெர்சி அக்காவின் கடிதங்களை அவர் பார்த்திருக்கிறார். ஒட்ட நறுக்கிய வால். சின்ன வயதில் செலின் வாலை இழுத்து எழுதும்போதெல்லாம் அக்கா ஸ்கேலால் விரல் கணுவில் போடுவாளாம். செலின் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அடி வாங்கினாளே தவிர, வாலைக் குறைக்கவில்லை.

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் மாடிப்படி இறங்கினார்.



அடுத்த ஞாயிறு பட்டியல் வரவில்லை. ஒரு பென்டிரைவ் வந்தது.

“கேக்கவங்களுக்குக் கொடுங்க டீச்சர். மாத்தணும்னா மாத்தட்டும். மாத்தலாம்னு ஃபான்டுக்கு உள்ளயே எழுதிப் போட்டுட்டேன்.”

நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை.

டீச்சர் இரண்டு டீ சொன்னார்.



மூன்று மாதம் கழித்து, டீச்சர் அவர் முன்னால் ஒரு தாளை வைத்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அச்சடித்தது. மழை, வாழை, பழம், கிழவி.

“வாலை வெட்டிட்டாங்க, அண்ணாச்சி. கீழ் வரியில இடிக்குதாம்.”

அருளப்பன் கண்ணாடியை மாட்டினார். தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மழையில் விரல் வைத்தார். பிறகு வாழையில். பிறகு பழத்தில்.

“டீச்சர்” என்றார். “இது மெர்சி அக்கா எழுத்துல்லா.”